ஏ.எஸ்.ஓ. இலக்கம் குறையவில்லை என்று கவலையா?



போன மாதம் ஒரு சனிக்கிழமை, வேலை முடிந்து அலுவலகத்தைப் பூட்டப் போன நேரம் மேட்டு லயத்திலிருந்து ஒரு தாய் வந்தார். கையில் ஒரு சிலிசிலி பை. பைக்குள் 7 ரிப்போட். ஏழும் ஒரே பிள்ளையுடையது, ஏழும் ஒரே இரத்தச் சோதனை. மேசையில் வரிசையாகப் பரப்பி வைத்தார். முதலாவதில் 400. அடுத்ததில் 800. பிறகு 400, மறுபடியும் 400, 800, கடைசி இரண்டிலும் 400.

“ரெண்டு வருஷமா பாக்குறேன் ஐயா. இந்த நம்பர் எறங்கவே மாட்டேங்குது. புள்ளைக்கு இருதயம் கெட்டுப் போயிருமா?” என்று கேட்டுவிட்டு அழத் தொடங்கினார்.

பிள்ளைக்கு 9 வயது. நான் தினமும் பார்க்கிற பிள்ளைதான். புத்தகப் பையோடு படிக்கட்டு ஏறி பள்ளிக்கூடம் போகும், மூச்சு வாங்குவதில்லை. ஆனால் இரண்டு வருடமாக அதை ஓட விடவில்லை, பச்சைத் தண்ணீரில் கை வைக்க விடவில்லை. ஒவ்வொரு ரிப்போட் வந்த பிறகும் டவுனில் பாமசியில் கேட்டு ஐந்து நாளைக்குப் பென்சிலின் வில்லை வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஒரு சோதனைக்குப் போகிற நாளில் ஒரு பேர் போகும், பஸ் காசு போகும், சோதனைக் காசு தனி.

அந்தப் பிள்ளையை நானே கிளினிக்குக் கூட்டிப் போனேன். டொக்டர் தொண்டையைப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்து நிறைய நேரம் கேட்டார், முழங்கால் கணுக்கால் வீங்கியதா, கை தானாக ஆடியதா என்று விசாரித்தார். எதற்கும் ஒரு எக்கோ ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். அதுவும் நன்றாக வந்தது. பிறகு ஏழு ரிப்போட்டையும் மடித்துத் தாயின் கையில் கொடுத்து, “இனி இந்தச் சோதனை வேண்டாம். தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தால் மட்டும் உடனே கொண்டு வாங்க” என்றார். வெளியே வந்ததும் தாய் என்னிடம், “மருந்து ஒண்ணும் எழுதல்லையே ஐயா” என்றார். அந்த முகத்தில் சந்தோசம் இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

நான் வைத்தியன் அல்ல. சாதாரண தரம் வரை படித்தவன். வைத்தியர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், இத்தனை வருடம் தோட்டத்தில் கண்டதையும் எழுதுகிறேன்.

முதலில் இந்த இலக்கம் என்னவென்று பார்ப்போம். தொண்டை வலிக்குக் காரணமான கிருமிகளில் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் ஒன்று. அதிலும் ‘ஏ’ பிரிவைச் சேர்ந்ததுதான் நமக்குப் பகை. அந்தக் கிருமி நம் உடம்பில் ஒருவகை நஞ்சை விடுகிறது. அந்த நஞ்சை முறிக்க உடம்பு ஒரு பொருளை உண்டாக்குகிறது. பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் பிறபொருளெதிரி என்று இருப்பது இதுதான். அது இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதே ஏ.எஸ்.ஓ. சோதனை. 1932ஆம் ஆண்டு டொட் என்ற ஆராய்ச்சியாளர் கண்டுபிடித்தது.

ஆகவே அந்தக் காகிதத்தில் இருப்பது கிருமியின் கணக்கு அல்ல. கிருமி வந்து போனதற்கு உடம்பு எழுதி வைத்த கணக்கு. கிருமி தொண்டைக்கு வந்து ஒரு கிழமைக்குப் பிறகு இலக்கம் ஏறத் தொடங்கும். 3 முதல் 6 கிழமைக்குள் உச்சத்துக்குப் போகும். அதன் பிறகு மெல்ல மெல்ல இறங்கும். ஆறு மாதம் எடுக்கலாம், ஒரு வருடம் எடுக்கலாம், சிலருக்கு அதற்கு மேலும் போகும். மழை விட்டும் தூவானம் விடவில்லை என்போமே, அதேதான். நோய் எப்போதோ போய்விட்டது, தூவானம் மட்டும் நிற்கிறது.

பென்சிலின் கிருமியைக் கொல்லும். உடம்பு ஏற்கனவே உண்டாக்கி வைத்த எதிர்ப்பொருளைக் குறைக்காது. எனவே இலக்கத்தை இறக்குவதற்கென்று மருந்து கொடுப்பது, மழை நின்ற பிறகு காணில் ஓடுகிற தண்ணீரைக் கண்டு குடை பிடிப்பது போல. அந்தத் தாய் இரண்டு வருடம் கொடுத்த வில்லைகள் ஒரு புள்ளியைக்கூடக் குறைக்கவில்லை.

இன்னொரு விசயம். 400, 800, மறுபடி 400 என்று ஏன் வருகிறது, 450, 520 என்று ஏன் வருவதில்லை என்று யோசித்தீர்களா? பல சோதனைக் கூடங்களில் ஒரு கண்ணாடித் தட்டில் வைத்துப் பார்க்கிற முறை இருக்கிறது. இரத்தத்தின் தெளிநீரை ஒரு முறை பாதியாகக் கலக்குவார்கள், அதைப் பிறகும் பாதியாக்குவார்கள். அதனால் இலக்கம் 200, 400, 800 என்று இரட்டிப்பாகத்தான் போகும். 400க்கும் 800க்கும் நடுவில் உள்ளது ஒரே ஒரு படி. ஒரே இரத்தத்தை இரண்டு இடத்தில் கொடுத்தால் ஒரு படி கூடிக் குறைவது சாதாரணம். அதைப் பார்த்துத்தான் நாம் ஒரு மாதம் சிரிக்கிறோம், மறுமாதம் அழுகிறோம். நோய் என்று சந்தேகம் வந்தால் வைத்தியர்கள் 2 முதல் 4 கிழமை இடைவெளியில் இரண்டு முறை எடுத்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். தனியாக நிற்கிற ஒரு இலக்கத்துக்கு அவ்வளவு பலம் இல்லை.

காகிதத்தின் ஓரத்தில் ‘200க்குக் கீழ்’ என்று அச்சடித்திருப்பதையும் பார்த்துப் பயப்படுகிறோம். அது பெரும்பாலும் வளர்ந்தவர்களுக்கான அளவு. 5 வயதிலிருந்து 15 வயது வரைதான் இந்தக் கிருமி அதிகம் தொற்றுகிற காலம். கிருமி நிறைய நடமாடுகிற இடங்களில் நோயே இல்லாத பள்ளிப் பிள்ளைகளிடமும் 250, 300 என்று காணப்படுகிறது.

இனி, ஏன் இறங்காமல் நிற்கிறது என்ற கேள்வி. நமது தோட்டங்களில் முக்கியமான காரணம் திரும்பத் திரும்பத் தொற்றுவதுதான் என்பது என் அபிப்பிராயம். இலக்கம் பாதி இறங்கும்போது அடுத்த தொண்டை வலி வருகிறது, மறுபடி ஏறுகிறது. 10 அடிக்கு 12 அடி காம்பரா ஒன்றில் அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள், பாட்டி என்று படுத்தால் ஒருவர் இருமியது இன்னொருவர் முகத்தில்தான் விழும். குளிருக்குக் கதவும் ஜன்னலும் பூட்டு. இது நமது லயத்துக்கு மட்டும் உள்ள கதை அல்ல. இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்தில் வாரன் என்ற விமானப்படை முகாமில் இளம் சிப்பாய்களுக்கு இந்தத் தொண்டை நோய் விடாமல் வந்தது. நல்ல சாப்பாடு சாப்பிட்ட, திடகாத்திரமான ஆட்கள். ஆனால் ஒரே கூடத்தில் கட்டில் கட்டிலாகப் படுத்தவர்கள். கிருமி உள்ளவரின் கட்டிலுக்கு எவ்வளவு கிட்டப் படுத்தார்களோ அவ்வளவு தூரம் தொற்றியது என்று அங்கே ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். ஆகவே ‘பனி பட்டதால் வந்தது’, ‘பச்சைத் தண்ணீரில் குளித்ததால் வந்தது’ என்று பிள்ளையை ஏசுவதில் அர்த்தமில்லை. தலையும் காலும் மாற்றி மாற்றிப் படுக்க வைக்கலாம், பகலில் ஜன்னலைத் திறக்கலாம், காய்ச்சல்கார பிள்ளைக்குத் தனிக் கோப்பை கொடுக்கலாம். ஆனால் உண்மையான மருந்து இன்னொரு காம்பரா. வீட்டுப் பிரச்சினையை நோயாளியின் பழக்கப் பிரச்சினையாக மாற்றிப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வேறு காரணங்களும் உண்டு. சில பிள்ளைகளின் தொண்டையில் இந்தக் கிருமி நோய் செய்யாமல் சும்மா குடியிருக்கும். அவர்களுக்குப் பெரும்பாலும் மருந்து தேவைப்படாது. ஈரல் நோய், இரத்தத்தில் கொழுப்பு அதிகம் போன்றவற்றாலும் சோதனை பொய்யாகக் கூடுதலாகக் காட்டலாம். இலக்கம் மட்டும் கூடியிருக்கிறது என்பதற்காக டொன்சிலை வெட்டச் சொல்லிக் கேட்பதும் தேவையில்லாத வேலை.

அப்படியானால் பயப்பட ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. அது வாதக் காய்ச்சல்.

மருந்து கொடுக்காமல் விட்ட ஸ்ட்ரெப்டோகொக்கஸ் தொண்டை நோய்க்கு 2, 3 கிழமைக்குப் பிறகு சில பிள்ளைகளுக்கு இது வருகிறது. கிருமியோடு சண்டை பிடிக்கப் போன உடம்பின் படை, ஆள் தெரியாமல் சொந்த மூட்டையும் இதயத்தையும் தாக்குகிறது. காய்ச்சலோடு முழங்கால் வீங்கும், இரண்டு நாளில் அது குறைந்து கணுக்கால், பிறகு முழங்கை என்று வலி இடம் மாறும். இப்படி ஓடுகிற வலியைக் கண்டால் டொக்டரிடம் காட்டுவதற்கு முன்னால் வலி வில்லைகளைக் கொடுத்து அடக்க வேண்டாம். வீக்கம் உடனே போய்விடும், டொக்டர் பார்க்கும்போது அடையாளம் ஒன்றும் இருக்காது. மூட்டு பிறகு நன்றாகிவிடும். இதயத்தின் வால்வில் விழுந்த தழும்புதான் போகாது.

சில பிள்ளைகளுக்கு மூட்டு வலியே இருக்காது. கையும் முகமும் தானாக வெட்டி வெட்டி இழுக்கும், கோப்பை கையிலிருந்து விழும், எழுத்துக் கிறுக்கலாகும், காரணமில்லாமல் அழும். சேட்டை செய்கிறது என்று வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் அடி வாங்கிய பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். இது தொண்டை நோய்க்குப் பல மாதம் கழித்துக்கூட வரும். அந்த நேரம் ஏ.எஸ்.ஓ. இறங்கி நல்ல இலக்கமாக இருக்கலாம். வாதக் காய்ச்சல் வந்தவர்களிலும் ஐந்தில் ஒருவருக்கு இந்த இலக்கம் கூடியிருப்பதில்லை. ஆகவே கூடிய இலக்கம் நோய் என்று சொல்வதும் பிழை, குறைந்த இலக்கம் நோயில்லை என்று சொல்வதும் பிழை. 1944இல் ஜோன்ஸ் என்ற அமெரிக்க வைத்தியர் இந்த நோயைக் கண்டுபிடிக்க ஒரு அடையாளப் பட்டியல் எழுதினார். 2015இல் திருத்தப்பட்டு இன்றும் அதைத்தான் பாவிக்கிறார்கள். அதில் பெரிய அடையாளங்களும் உண்டு, சிறிய அடையாளங்களும் உண்டு. ஏ.எஸ்.ஓ. இரண்டிலும் இல்லை. கிருமி வந்து போனது என்பதற்கு அது சாட்சி மட்டும். சாட்சியை வைத்துக் குற்றவாளியைத் தேடலாம், சாட்சிக்கே தண்டனை கொடுக்க முடியாது.

இனி எழுதப் போவது என் பிழை. பல வருடத்துக்கு முந்திய கதை. பணிய லயத்துப் பையன் ஒருவனுக்கு அப்போது 12 வயது. வாதக் காய்ச்சல் வந்து வைத்தியசாலையில் கிடந்தான். இதயத்தில் ஒரு வால்வு கொஞ்சம் பாதிக்கப்பட்டிருந்தது. மூன்று கிழமைக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட வேண்டும் என்று கார்டு கொடுத்து அனுப்பினார்கள். ஒரு வருடம் தவறாமல் போட்டான். பிறகு ஒருநாள் பெரட்டுக் களத்தில் அவனுடைய அப்பா என்னிடம் ரிப்போட்டைக் காட்டினார். ஏ.எஸ்.ஓ. 200க்குக் கீழே வந்திருந்தது. “நல்லாயிருச்சுங்களா ஐயா? இன்னும் ஊசி வேணுமா? ஊசி போட்டா ரெண்டு நாள் நொண்டுறான்” என்றார். நான் அவசரத்தில் இருந்தேன். “இலக்கம் நல்லா எறங்கியிருக்கே, நல்லதுதானே” என்று சொல்லிவிட்டுப் போனேன். ஊசியை நிறுத்து என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஐயா சொன்னார் என்று அவர்கள் நிறுத்தினார்கள்.

பதினொரு மாதம் கழித்துப் பிள்ளைக்குச் சாதாரணத் தொண்டை வலி. அதற்குப் பிறகு மூச்சிரைப்பு. இரவில் படுக்க முடியாமல் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தவனை லொறியில் ஏற்றிக் கொண்டுபோனோம். இரண்டாவது தாக்குதல். கொஞ்சமாக இருந்த வால்வுப் பழுது பெரிதாகிவிட்டது. இப்போது அவன் வளர்ந்த ஆள். மலைக்குப் போய் வேலை செய்ய முடியாது. டவுனில் ஒரு கடையில் உட்கார்ந்து பில் எழுதுகிறான். என்னைக் கண்டால் மரியாதையாகச் சிரிப்பான். அந்தச் சிரிப்பு எனக்குக் கஷ்டம்.

நான் அன்றைக்கு விளங்கிக்கொள்ளாதது இதுதான். அந்த ஊசி இலக்கத்தை இறக்குவதற்கான ஊசி அல்ல. இனி வரப் போகிற கிருமியைத் தொண்டையில் காலூன்ற விடாமல் தடுக்கிற வேலி. ஒருமுறை வாதக் காய்ச்சல் வந்த உடம்புக்கு அடுத்த தொண்டை நோயோடு அது மறுபடி வருவது சுலபம். ஒவ்வொரு முறையும் வால்வைக் கடித்துவிட்டுத்தான் போகும். ஆடு இன்றைக்கு வரவில்லை என்று தோட்டத்து வேலியைப் பிடுங்குவோமா?

அது பென்சாதின் பென்சிலின். பெரியவர்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் 12 இலட்சம் யூனிட், எடை குறைந்த சிறுபிள்ளைகளுக்கு அதில் பாதி. சதையில் தங்கி மெல்ல மெல்லக் கரைவதால் மூன்று, நான்கு கிழமை வேலை செய்யும். 1950களின் தொடக்கத்திலிருந்து உலகம் முழுவதும் பாவனையில் உள்ளது, இன்றைக்கும் இதற்கு மேலான மருந்து வரவில்லை. தடித்த மருந்து என்பதால் வலிக்கும். மெதுவாகப் போடச் சொல்லிக் கேட்கலாம், அதில் வெட்கமில்லை. பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும், அவர்களுக்கு வேறு வில்லை உண்டு. இதயம் மிகவும் பலவீனமானவர்களுக்கும் டொக்டர் ஊசிக்குப் பதிலாக வில்லை கொடுக்கலாம். ஊசி போட்டதும் பஸ்சுக்கு ஓடாமல் அரை மணித்தியாலம் அங்கேயே இருங்கள்.

எத்தனை வருடம் என்பதை இலக்கம் தீர்மானிப்பதில்லை, இதயம் தீர்மானிக்கிறது. இதயம் பாதிக்கப்படாதவர்களுக்குக் கடைசித் தாக்குதலிலிருந்து குறைந்தது 5 வருடம், அல்லது 18, 21 வயதாகும் வரை, எது பிந்தியதோ அது. இதயம் பாதிக்கப்பட்டவர்களுக்கு 10 வருடமாவது, அதற்கு மேலும் போகலாம். வால்வு கடுமையாகக் கெட்டவர்களுக்கு 40 வயது வரை, சிலருக்கு ஆயுள் முழுவதும். நிறுத்துவதைச் சொல்ல வேண்டியவர் கிளினிக் டொக்டர் ஒருவரே. கணக்கப்பிள்ளையோ கங்காணியோ நானோ அல்ல.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். வால்வு சுருங்கியது சின்ன வயதில் வெளியே தெரியாமல் இருந்து, முதல் பிரசவக் காலத்தில்தான் வெளிப்படும். கர்ப்பத்தில் உடம்பில் இரத்தம் கூடுகிறது, சுருங்கிய வாசலால் அவ்வளவும் போக முடியாமல் நெஞ்சு முட்டும். முந்தி வாதக் காய்ச்சல் வந்த, ஊசி போட்ட பெண்கள் கர்ப்பம் தரித்த முதல் மாதத்திலேயே மருத்துவிச்சியிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று மறைத்து வைப்பதால் வருகிற ஆபத்து பெரியது. இப்போது சுருங்கிய வால்வைப் பலூன் வைத்து விரிக்கிற சிகிச்சை இருக்கிறது. முன்னரே தெரிந்தால்தான் அதற்கு வழி.

வாதக் காய்ச்சல் வராமலே தடுக்க முடியுமா? முடியும். நான் சொன்ன வாரன் முகாமில் 1950இல் வெளிவந்த ஆராய்ச்சி அதைக் காட்டியது. தொண்டை நோய்க்குப் பென்சிலின் கொடுத்த சுமார் 800 பேரில் 2 பேருக்குத்தான் வாதக் காய்ச்சல் வந்தது, கொடுக்காத சுமார் 800 பேரில் 17 பேருக்கு வந்தது. தொண்டை வலி தொடங்கி 9 நாளுக்குள் மருந்து தொடங்கினாலும் தடுக்கலாம். மூக்கு ஒழுகி, இருமி, குரல் கட்டுகிற தொண்டை வலி பெரும்பாலும் வேறு வகை, அதற்குப் பென்சிலின் தேவையில்லை. இருமல் தடிமன் இல்லாமல் திடீரென்று காய்ச்சல், எச்சில் விழுங்க முடியாத வலி, கழுத்தில் நெறி கட்டுதல் என்றால் அன்றைக்கே டிஸ்பென்சரிக்குக் கொண்டு போங்கள். வில்லை கொடுத்தால் 10 நாளும் கொடுக்க வேண்டும். மூன்றாம் நாள் பிள்ளை விளையாடத் தொடங்கியதும் மிச்சத்தை அடுத்த பிள்ளைக்கு என்று எடுத்து வைக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. அப்படிச் செய்தால் இரண்டு பிள்ளைக்கும் அரை மருந்துதான்.

தோலில் வருகிற சொறி சிரங்கையும் சின்ன விசயமாக எடுக்காதீர்கள். சிரங்கில் இதே கிருமி ஏறினால் சில கிழமைக்குப் பிறகு சிறுநீரகம் பாதிக்கலாம். காலையில் முகம் ஊதியிருக்கும், சிறுநீர் சாயத் தண்ணி நிறத்தில் போகும். தோல் வழி வந்த தொற்றில் ஏ.எஸ்.ஓ. அவ்வளவாக ஏறுவதில்லை. அதனால் இங்கேயும் ‘நம்பர் நல்லா இருக்கு’ என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது.

நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ போய் வர ஒரு நாள் போகும் என்பது எனக்குத் தெரியும். 2022இல் எரிபொருள் இல்லாமல் பஸ் ஓடாத மாதங்களில் ஊசி தவறிப் போனவர்கள் சிலர், தவறியதுதானே என்று அப்படியே விட்டுவிட்டார்கள். எத்தனை மாதம் தவறியிருந்தாலும் மறுபடி போகலாம். ஏசுவார்கள் என்று பயந்தால் என்னையும் கூப்பிடுங்கள், நானும் வருகிறேன், ஏச்சைப் பாதி பாதியாக வாங்கிக்கொள்வோம்.

ஊசி கார்டு உள்ளவர்கள் அடுத்த திகதியை அலுவலகத்தில் என்னிடம் சொல்லி வையுங்கள். கொப்பியில் எழுதி வைத்து, இரண்டு நாள் முந்தி உங்கள் கங்காணியிடம் ஞாபகப்படுத்துவேன். மழையில் நனைந்து கார்டில் எழுத்து அழிந்திருந்தால் கிளினிக்கில் புதிய கார்டு கேட்டு வாங்குங்கள். பழையதை எறிய வேண்டாம், முதல் ஊசி போட்ட திகதி அதில்தான் இருக்கிறது.